ஆறு மாதத் தங்கல்

விசா எடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, செல்லுபடிக் காலம் வேறு, தங்கும் காலம் வேறு என்பது தெரியாது. ஒரு வருட விசா என்றதும் ஒரு வருடம் அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை போனால் முப்பதாம் நாள் கிளம்பியாக வேண்டும் என்று விளக்கினால், என்னமோ நானே அவர்களைத் துரத்துவதுபோல் முறைப்பார்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு, சார். நான் அனுப்பியவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாகத் தங்கி மாட்டிக்கொண்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெளிநாடு சுற்ற ஆசை வந்தது. தனியாகத்தான். அக்காவைக் கூட்டிப்போகும் பேச்சே எழவில்லை. அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு இடது காது கேட்காது. பிறந்தபோது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கும். பிள்ளைகள் இல்லை. கல்யாணம் ஆகாத நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

அக்கா ஒருநாள் மாடியேறி வந்தாள்.

"அவர எத்தன நாளைக்குடா அனுப்ப முடியும்?"

"முப்பது, தொண்ணூறு, நூத்தியெம்பது. மூணு வகை இருக்குக்கா."

"பெருசாவே போடு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது.

நூற்றெண்பது நாள் சுற்றுலா விசாவைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஊர் ஊராகப் பயணத் திட்டம், தங்குமிடம், திரும்பி வருவார் என்பதற்கு வீட்டுப் பத்திரம் என்று எல்லாம் வைக்க வேண்டும். அத்தனையும் நானே தயார் செய்தேன். அவ்வளவு அழகான மனுவை நான் வேறு யாருக்கும் போட்டதில்லை. விசா வந்தது. அந்த ஆறு மாதத்தில் தையல் வகுப்புக்குப் போகலாமா, தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிளம்புகிற அன்று, விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள அத்தான் பெட்டியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மதிய இடைவேளை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அங்கே நான் ஒற்றை ஆள்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"ஆறு மாசமெல்லாம் எதுக்கு மாப்ள? முப்பதாம் நாள் ரிட்டர்ன் போட்டுட்டேன். அவள அத்தன நாள் சும்மா விட்டா தலைக்கு மேல ஏறிடுவா. வந்ததும் மொதல்ல அத எறக்கணும்."

மேசைமேல் முத்திரை அழுத்தும் இரும்புக் கருவி இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். ஏழு தடவை அடித்தேன். நான்காவதிலேயே முகம் என்று ஒன்று இல்லை. மீதி மூன்று எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கோபம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் பயன்படாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அவரையும் பெட்டியையும் அதில் போட்டு மூடினேன். தரையைக் கழுவிவிட்டு, நான்கு மணிக்கு வந்த புதுத் தம்பதிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன்.

அவர் ஃபோன் என்னிடம் இருந்தது. அவர் ஃபோனில் பேசுகிற ஆளே இல்லை என்பதால் மெசேஜ் மட்டும் போதுமாக இருந்தது. முதலில் அக்காவுக்கு 'வந்து சேர்ந்தேன்' என்று மட்டும் அனுப்பினேன். பத்து நாள் கழித்து, ஏதோ தோன்றி, 'சாப்பிட்டியா' என்று எழுதினேன். அக்கா மாடிக்கு ஓடிவந்தாள்.

"பாருடா, சாப்பிட்டியான்னு கேட்டிருக்காரு!"

முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. காது வலிக்கிறதா என்று கேட்டேன். செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதியதை என்னிடமே படித்துக் காட்டி அழுவாள். தையல் வகுப்பை மறந்தே போனாள். மூன்றாம் மாதம், "எனக்கும் ஒரு விசா போடுடா, நானும் அவர்கூடப் போய் இருக்கேன்," என்றாள்.

அவர் ஃபோனிலிருந்து 'வராதே' என்று எழுதினேன். மூன்று நாள் சோற்றில் கை வைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். 'வா' என்று எழுதிவிட்டேன். அவளுக்கும் விசா எடுத்தேன். அதுவும் நூற்றெண்பது நாள்தான்.

தங்கும் காலம் முடியப்போகிறவர்களின் பட்டியலை மாதக் கடைசியில் எடுத்து, தேவைப்படுகிறவர்களுக்கு நீட்டிப்பு மனு அனுப்புவது என் வழக்கம். போன மாதப் பட்டியலில் அத்தான் இருந்தார். கை பழகிவிட்டது, சார். அவருக்கும் அனுப்பிவிட்டேன். இப்படி ஓர் ஆள் எங்கள் நாட்டுக்குள் வரவே இல்லையே என்று அங்கிருந்து உங்கள் போலீஸ் துறைக்கு எழுதினார்கள். பத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரே தொழில் பிழை அது.

தொட்டியைத் திறந்து அவரை எடுத்துவிட்டீர்கள். காலையில் நீங்கள், "உங்க அக்காவுக்கு எப்படிங்க இதச் சொல்றது? எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் அதற்கு அவசியமில்லை.

கிளம்ப வேண்டிய நாள் மதியம், புதுச் சேலையை மடித்து வைத்துவிட்டு, அக்கா கொஞ்சம் படுத்தாள். "என்னப் பாத்ததும் என்னடா சொல்லுவாரு?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். வேற்று நாட்டில் இறங்கி, கூட்டத்தில் அவரைத் தேடிக்கொண்டு நிற்கப்போகும் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மெசேஜ்களை எல்லாம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். தலையணையை எடுத்தேன். கொஞ்ச நேரம் காலை உதைத்தாள். என் கையில் அவள் நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, பாருங்கள். அந்தத் தொட்டியில் அவரோடு போட மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் இருக்கிறாள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள், சார். அத்தானை அடித்துக் கொன்றதாகத் தாராளமாக எழுதுங்கள். அக்காவை அப்படி எழுதிவிடாதீர்கள். அவள்மேல் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை.