என் மேல் வந்த புகாரை நானே விசாரித்தேன்

அவைக்கு அழகு சேர்த்துத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய அஃப்சருன்னிசா அம்மையார் அவர்களே! மயிலையின் மதிப்பிற்குரிய பெரியோர்களே! மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நொச்சிக்குப்பத்துத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் டயானா. அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலி. நோயாளிகளின் புகார்களைத் தனித்து விசாரிக்கும் குழு நம் பகுதிக்கு வந்து இன்றோடு ஓராண்டு. வாழ்த்திப் பேச வல்லவர்கள் வரிசையாக இருக்க, என்னை ஏன் அழைத்தார்கள்? அந்தக் குழுவுக்குப் போன முதல் புகாரே என் மேல்தான்! சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீனவர் குப்பன் காலில் புண்ணோடு எங்கள் வார்டில் சேர்ந்தார். அவர் மனைவி கோவிந்தம்மா என்னிடம் வந்து, "சிஸ்டர், அவுருக்கு பென்சிலின் ஊசி ஒத்துக்காது, போட்டா மூச்சு அடைச்சிக்கும்" என்றார். மறுநாள் அதே ஊசி போடப்பட்டது. மூன்று நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தார் அந்த மனிதர். கோவிந்தம்மா புகார் எழுதினார். நிவாரணம் கேட்டாரா? இல்லை. தண்டனை கேட்டாரா? இல்லை. 'நான் சொல்லியும் ஏன் போட்டீர்கள்?' அந்த ஒரு கேள்விதான் கேட்டார்.

அந்த மனு எங்கே போனது? மேலதிகாரி மேசைக்குப் போனது, மேசையிலிருந்து துறைக்குப் போனது, துறையிலிருந்து வார்டுக்கு வந்தது, வார்டில் என் கையிலேயே வந்து விழுந்தது! 'விசாரித்து அறிக்கை தரவும்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. குற்றவாளியும் நான், விசாரணையும் நான், தீர்ப்பும் நான்!

முன்வரிசையில் என்னம்மா கேட்கிறீர்கள், சத்தமாகக் கேளுங்கள். "இன்னா சிஸ்டர், உன்னையே நீ நிக்க வச்சிக் கேட்டியா?" கேட்கவில்லை தாயே! 'புகாரில் உண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

கோவிந்தம்மா விடவில்லை. புதிதாக வந்த இந்தக் குழுவிடம் போனார். எங்கள் மருத்துவமனையில் சம்பளம் வாங்காத மூன்று பேர். அவரை அலைக்கழிக்காமல், அவர் மீன் விற்கும் இடத்துக்கே போய்க் கேட்டார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை. "அன்று வார்டில் நோயாளிகள் எத்தனை? செவிலியர் எத்தனை?" என்றார்கள். அறுபது பேருக்கு நான் ஒருத்தி! அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். "அவர் சொன்னார். நோயாளியின் சீட்டில் அப்புறம் எழுதலாம் என்று போனேன். மறந்துவிட்டேன்" என்றேன்.

வேலை போயிற்றா? போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தலைகுனிந்து வாங்கினேன். வார்டுக்கு இரண்டாவது செவிலி வந்தார். மருந்து ஒத்துக்கொள்ளாதவர் கையில் கட்டச் சிவப்புப் பட்டை வந்தது. ஒரு பெண் கேட்ட ஒரு கேள்வி, ஒவ்வொரு படுக்கைக்கும் காவலாக நிற்கிறது!

குழுவின் அறிக்கை வந்த அன்று கோவிந்தம்மாவைத் தேடிப் போனேன். நடந்ததை என் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மீன் நறுக்குவதை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இன்னா உன்னைக் கடிச்சித் துன்னுட்டா இருப்பேன்?" என்றார்.

ஆகவே அன்பர்களே, எழுதுங்கள்! அஞ்சாமல் எழுதுங்கள்! இரண்டாம் மாடி, ஆண்கள் வார்டு, செவிலி டயானா. நான் தவறினால் என் மேலும் எழுதுங்கள்! இம்முறை உண்மையைச் சொல்ல நான் காத்திருக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்!