தாய்மாமன் முகத்தில் சாத்திய கதவு

உட்காருங்கய்யா, உட்காருங்க... டாக்டரம்மா வந்து பன்றிக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரு குட்டிக் கதையை உங்கள் காதில் போட்டுவிடுகிறேன். போடாவிட்டால் என்னால் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. கதை சின்னதுதான். ஆனால் அதில் வருகிற மீசை பெரிசு!

சங்கரன்கோவில் பக்கம் வெயிலுமுத்து என்று ஒரு மாமன். அவர் மீசையின் இடது முனை சங்கரன்கோவிலில் இருந்தால், வலது முனை ராஜபாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்! அவருடைய அக்கா மகள் செண்பகா. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாசம். வளைகாப்பு.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். தாய்மாமன் சீரோடு வந்து, முதல் சந்தனத்தைத் தன் கையால் அவள் கன்னத்தில் பூச வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் வளையலையே தொடலாம். மாமன் வரவில்லையென்றால்? தேவலோகமே இறங்கி வந்து பூசினாலும் செல்லாது!

வளைகாப்புக்கு முதல் நாள் மாமனுக்குக் காய்ச்சல். சும்மா காய்ச்சலா? நெற்றியில் தோசை ஊற்றினால் திருப்பிப் போடவே வேண்டாம்! இருமல் வேறு. மனைவி கோமதி பதறுகிறாள்.

"ஏங்க, நூத்திரெண்டு காட்டுது. ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சலுங்காவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அட, போட்டி கோமதி! நான் பன்றியப் பார்த்தே பத்து வருஷமாச்சு. எனக்கு எப்படிப் பன்றிக் காய்ச்சல் வரும்?"

கேட்டீர்களா வாதத்தை! அய்யா, பெயர்தான் பன்றி... இப்போது அது தாவுவது மனுஷனிடமிருந்து மனுஷனுக்கு. இருமினால் தாவும். தும்மினால் தாவும்.

"மாஸ்க்காவது போட்டுக்கிடுங்க."

"மீசைய மூடிட்டுப் போனா, வந்தவன் மாமனா, சிலிண்டர் போட வந்தவனான்னு எவனுக்குட்டி தெரியும்?"

காலையில் ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டார். அரை மணி நேரத்தில் உடம்பு ஜில்லென்று ஆனது. "பாத்தியா, போயே போச்சு!" என்றார். எங்கே போச்சு? அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தது!

வேன் கிளம்பியது. இருபத்தொரு தட்டு, பதினாலு உறவு, ஏசிக்காக அத்தனை ஜன்னலும் அடைப்பு. நடுவில் மாமன். ஒன்றரை மணி நேரம் இருமினார். கிருமிக்கு இதைவிட என்ன சொகுசு வேண்டும்... சொல்லுங்கள்!

வீட்டு வாசலில் மேளம் முழங்குகிறது. மாமன் இறங்கி, எல்லோருக்கும் முன்னால் படியேறி... ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள்! பந்தல் ஒரு முழம் மேலே போய் இறங்கியது. நாதஸ்வரம், ஊதாமலே ஒரு ராகம் பாடியது!

கோமதிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "உள்ள போகாதீங்க! நேத்து நூத்திரெண்டு காய்ச்சலு! அவ ரெட்டை உசுருக்காரி!"

"வாய மூடுட்டி! சபையில மானத்த வாங்காத!"

மணையில் உட்கார்ந்திருந்த செண்பகாவின் காதில் அது விழுந்தது. போன வாரம்தான் நர்ஸம்மா சொல்லியிருந்தார்: "கர்ப்பிணிக்கு இது வந்தா நெஞ்சப் பிடிச்சிரும்மா. தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

எழுந்து வாசல் கதவை நோக்கி நடந்தாள். இடுப்பில் ஒரு கை... வயிற்றில் ஒரு கை... மாமன் சந்தனம் பூசக் கையை நீட்டிக்கொண்டு வருகிறார்...

படார்!

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

மேளம் நின்றது. தாய்மாமன் முகத்தில் கதவு! பூமி ரெண்டாகப் பிளந்திருந்தால்கூட அந்தச் சனம் அப்படித் திகைத்திருக்காது.

"மருமவளே! தோள்ல போட்டு வளர்த்த என்னையா வெளிய நிறுத்துத? இந்த வாசல்ல இனி நான் கால் வைக்க மாட்டேன்!"

கதவுக்குப் பின்னாலிருந்து அழுகையோடு ஒரு குரல்.

"வைக்காதீங்க மாமா. பத்து வருஷம் பேசாமக்கூட இருங்க. ஆனா உசுரோட இருங்க. நானும் இருக்கணும், வயித்துல உள்ளதும் இருக்கணும். எல்லாரும் இருந்தாத்தான மாமா சண்டை போட முடியும்?"

மாமன் துண்டால் வாயைப் பொத்தினார். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார். நேரே பெரியாஸ்பத்திரி. சோதித்தார்கள். பன்றிக் காய்ச்சலேதான். அன்றைக்கே மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார். வேனில் வந்தவர்களில் ஐந்து பேர் படுத்தார்கள். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியப்பா ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் கிடந்து மீண்டார். செண்பகாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பெண் குழந்தை பிறந்தது. மாமன் வந்தாரா? வந்தார்! வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளையத் தூக்கணும்... கை கழுவ சோப்பு எங்கட்டி இருக்கு?"

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? வருகிற செவ்வாய்க்கிழமை நம்ம தெருவில் அம்மன் கோவில் கொடை விழா. ஊரிலிருந்து மாமன் வருவார், மச்சான் வருவார், பிள்ளைகள் வரும். கூடவே காய்ச்சலும் வரலாம்! நம் வீட்டில் வயசானவர்கள் இல்லையா? பச்சைப் பிள்ளைகள் இல்லையா? வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள் இல்லையா? மாத்திரையில் அடங்கிய காய்ச்சல் குணமான காய்ச்சல் இல்லையய்யா! காய்ச்சல் என்றால் வீட்டில் இருங்கள். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடி வந்து கட்டிப்பிடிப்பது மட்டுமா பாசம்? வராமல் இருப்பதும் பாசம்தான். "வராதீங்க" என்று அழுதுகொண்டே சொல்வது இருக்கிறதே... அது பாசத்திலும் பெரிய பாசம்!

இந்தக் கூட்டத்திலும் யாராவது காய்ச்சலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுந்து வீட்டுக்குப் போங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்... அந்தா! பின்வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தர் எழுந்துவிட்டார்! வெட்கப்படாதீங்க அண்ணாச்சி, தலை நிமிர்ந்து போங்க! நாற்பது வருஷமாக மேடையில் பேசுகிறேன்... பேச்சின் நடுவில் எழுந்து போகிறவரைப் பார்த்து மனசு குளிர்வது இன்றைக்குத்தான். வழி விடுங்கள் அவருக்கு... தட்டுங்கய்யா கையை!