கொக்கிஸ் படுத்த குடில்

இந்த வருடம் எங்கள் வீட்டு நத்தார்க் குடில் நன்றாக வந்திருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள், சுவாமி. நேற்று மாலை பாடல் குழுவோடு வந்தபோது குனிந்து பார்த்துச் சொன்னீர்கள். உடைந்ததை ஒட்டியபின் ஆடுகளுக்கு நான்கு காலும் இருக்கின்றன, வைக்கோல் கலையவில்லை. நாய் இல்லாத வீட்டில் அப்படித்தான் இருக்கும்.

தம்பி வின்சன்ட் வீட்டில் நான் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். கல்யாணம் ஆகாதவள். சமைப்பதும் துவைப்பதும் நான்தான், ஆனால் வீடு அவனுடையது, அடுப்படி அவன் மனைவி சுஜாந்தியுடையது. என்னுடையது என்று அங்கே குடில் மட்டும்தான் இருந்தது. குடிலில் வைக்கும் இயேசு பாலன் சுரூபத்தைப் பத்தொன்பது வயதில், கருவாடு காயப்போட்டுக் கிடைத்த கூலியில், தலவிலக் கோயில் திருநாளில் வாங்கினேன். பாலன் பிறந்த நத்தார் இரவுத் திருப்பலி முடியும்வரை அதைக் குடிலில் வைப்பதில்லை. துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருப்பேன்.

நாய்க்குப் பெயர் கொக்கிஸ். வந்த முதல் நத்தாரில் ஒரு சட்டி கொக்கிஸ் பலகாரத்தைத் தின்றுவிட்டதால் வின்சன்டின் மகள் ஷெனாலி வைத்த பெயர். அவளுக்கு ஏழு வயது. இந்த மாதம் அந்த நாய் குடிலில் இருந்த ஒட்டகத்தின் தலையைக் கடித்தது, இரண்டு ஆட்டின் காலை உடைத்தது, சூசையப்பரைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனது. அலுமாரிக் கதவைக் காலால் திறக்கவும் பழகிவிட்டது. ஒரு நாள் குடிலுக்குள்ளேயே சுருண்டு படுத்திருந்தது. நான் தும்புத்தடியோடு துரத்தினேன். வழுக்கி விழுந்தேன், பாவாடை முழங்காலுக்கு மேலே போனது. சுஜாந்தி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து இத்தாலியில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்களும் சிரித்தீர்கள், சுவாமி. எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

பிறகு பாலனைக் காணவில்லை. அலுமாரியில் துணிகூட இல்லை. நாய்தான் என்று சொன்னேன்.

“கொக்கிஸ் தின்டவன் பாலனையும் தின்டிருப்பான், அக்கா,” என்று வின்சன்ட் சிரித்தான்.

“புதுசு ஒண்டு வாங்கினாச் சரிதானே மச்சாள். இதுக்கேன் அழுறீங்க?” என்றாள் சுஜாந்தி.

நான் அழவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை கரைவலையில் இரண்டு பேத்தை மீன் பட்டு, மணலில் எறியப்பட்டுக் கிடந்தன. நான் எடுத்து வந்தேன். பேத்தையின் ஈரலில் நஞ்சு என்று எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கரை நாய்கள்கூட மோந்துவிட்டுப் போய்விடும். கொக்கிஸ் வீட்டு நாய். கொடுத்ததைத் தின்னும். ஈரலைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, பாண் துண்டுகளில் பிசைந்து, என் கையாலேயே ஊட்டினேன். கடைசியில் விரல்களையும் நக்கியது. நான் கையைக் கழுவிவிட்டு மத்தியானச் சமையலைப் பார்த்தேன்.

அது கத்தவில்லை. முதலில் பின்கால் விழுந்தது, பிறகு முன்கால். ஷெனாலி பக்கத்தில் படுத்துக்கொண்டு அதன் காதைத் தடவினாள்.

“மாமி, கண்ண மட்டும் ஆட்டுறான். ஏன் எழும்புறானில்ல?”

வின்சன்ட் ஆட்டோவைக் கூப்பிட்டு முந்தலில் இருக்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகப் பார்த்தான். “வயிறு முட்டத் தின்டிருக்கு. படுத்து எழும்பினாச் சரியாயிரும்,” என்று நான்தான் தடுத்தேன். ஆட்டோ திரும்பிப் போனது. கடைசிவரை அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. பிள்ளையை மட்டும் உள்ளே கூட்டிப்போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். என் பாலனை எடுத்ததற்குத் தண்டனை கொடுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்றைக்குத் திருப்பலி முடிந்து வந்து பாலனைக் குடிலில் வைக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று ஷெனாலி கேட்பாள். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் உலையில் போட அரிசி அளந்தேன். வாளியில் அரிசி குறைந்திருந்தது. அடியில் கை எதிலோ தட்டியது. நாய் அலுமாரியைத் திறக்கத் தொடங்கியதும் நானே பாலனைத் துணியோடு எடுத்து அரிசிக்குள் புதைத்து, மறந்துபோயிருந்தேன். துணியை விரித்துப் பார்த்தேன். பாலனுக்கு ஒரு கீறலும் இல்லை.

பேத்தை மீன் அப்போதும் வெட்டாமல் சட்டியில் கிடந்தது. கொக்கிஸ் வாசற்படியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பாலனை மறுபடியும் அரிசிக்குள் புதைத்துவிட்டு, கத்தியை எடுத்தேன்.