எங்கள் மொட்டைமாடியில் பூட்டில்லாத பெட்டி

என் பெயர் ஜோசப்ராஜ், வயது 18, தகப்பனார் பெயர் ஜேசுராஜ், அம்பத்தூர் கள்ளிக்குப்பம் பம்ப் ஹவுஸ் தெருவில் குடியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். அதை முழுநேர வேலை என்று என் தகப்பனார் சொல்வார்.

எங்கள் பகுதிக்குக் கூட்டாகக் கேபிள் டிவி கொடுத்துவந்த லோகநாதனும் ஜானகிராமனும் 1995 பொங்கலுக்குப் பிறகு பிரிந்துவிட்டார்கள். ஒயர் லோகநாதனுக்கு, படம் போடுவது ஜானகிராமனுக்கு, ஒருவர் பொருளை மற்றவர் தொடக்கூடாது என்று பேச்சு. ஜானகிராமன் படம் வரும் ஒயரும் வீடுகளுக்குப் போகும் லோகநாதன் ஒயரும் சேரும் பூஸ்டர் பெட்டி எங்கள் மொட்டைமாடியில் உள்ளது. அது யாருக்கு என்று மட்டும் முடிவாகவில்லை. பூட்டினால் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பழுதானால் தன் தலையில் விழும் என்று இருவருமே பூட்டாமல் விட்டார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் வீரராகவனுக்குப் பிறந்தநாள். ஜானகிராமன் தன் சேனலில் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் போடுவார். நான் வீரராகவன் போட்டோவுக்குச் சாமந்தி மாலை சாத்தி, ‘பிறந்தநாளே இறந்தநாள்’ என்று எழுதி, கல்யாண வீடியோ எடுக்கும் என் மாமாவின் கேமராவில் பதிந்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டு வீடியோ டெக்கை மாடிக்குத் தூக்கிப்போய், பெட்டியில் ஜானகிராமன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எங்கள் ஒயரைச் செருகினேன். வீரராகவன் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் ஆவடிக்கு சினிமாவுக்குப் போயிருந்தான். பார்த்தது அவன் தாயார் சாமுண்டீஸ்வரி. அடுப்பில் பாயசம் இருக்க, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தார்.

அதன் பிறகு கூட்டம் கூடி ஜானகிராமனைக் கேட்க, அவர், “என் டெக்குல படம் ஓடிகினு கீது, வந்து பாரு. ஒயர்ல இன்னா வருதுன்னு ஒயர்காரனைக் கேளு” என்றார். எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறிக்கொண்டிருந்த லோகநாதன், “நமக்கு ஒயரு மட்டுந்தான் நைனா. மொதல்ல இத்தக் கட் பண்றேன், அந்தம்மா அழுதுகினே கீது” என்றார். கூட்டத்தில் நின்ற நான், “அப்போ பொணம் நடந்தா மாமே வந்துச்சி?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் யாரோ ஏணியை இழுத்தார்கள், யார் என்று பார்க்கவில்லை. லோகநாதன் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தது. அப்போதும் நான் மாடிக்குப் போய் டெக்கை நிறுத்தவில்லை.

அதன் பிறகு வீரராகவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் தாயார் அவனைக் கன்னத்தில் அறைந்து, பிறகு கட்டிக்கொண்டார். லோகநாதனை ஆட்டோவில் ஏற்றும்போது அவர் எங்கள் மாடியைப் பார்த்து, “அந்தப் பொட்டிக்கு நானாவது பூட்டு போட்டிருக்கணும்” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

பொய்ச் சாவு காட்டியதாக இப்போது லோகநாதன் மேல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார்கள். காட்டியது அவரல்ல, ஜானகிராமனும் அல்ல. நான் மட்டுமே. நேற்று அந்தப் பெட்டிக்கு நானே ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவியை ஜானகிராமனிடம் நீட்டினேன், வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் லோகநாதனிடம் நீட்ட என்னால் முடியவில்லை. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேற்படி எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஜே. ஜோசப்ராஜ்