நாற்பது கிலோ

வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். நகரில் குண்டு வெடித்து ஒரு கிழமைதான். அவர்களுக்கு என் மகனின் வயதிருக்கும்.

“நெஞ்சில வைச்சு ஒரு செக்கன் பொறு. பிறகு வெடிக்கோணும்,” என்றான் தோள் அகன்றவன்.

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தார்.

“டேய், ஜிம்மில செய்யிற பெஞ்ச் பிரஸ் எண்டு முதல் சொல்லு,” என்றான் மெலிந்தவன்.

“அதைத்தானே சொல்லுறன் மச்சான். பாரத்தை நெஞ்சுக்கு இறக்கி, ஒரே மூச்சில மேல தள்ளு. வெடிக்கிற மாதிரி.”

“அந்தச் சொல்லை விடு. பம்பலப்பிட்டி செக்பொயின்ட் வருது.”

அங்கே எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் அந்த அகன்ற தோளை அமத்திப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ கேட்டான். பிறகு ஏறச் சொன்னான்.

பஸ் புறப்பட்டதும் மெலிந்தவன் கேட்டான். “என்னவாம்?”

“எத்தினை கிலோ தள்ளுவாய் எண்டான். நாப்பது எண்டனான்.”

“நீ எண்பதெல்லோ?”

“எண்பது எண்டா, எங்க பயிற்சி எடுத்தனி எண்டு கேப்பான். அவனுக்கு நாப்பது காணும்.”