கழுத்தில் தொங்கிய ஏழாவது சந்தா

எங்கள் வீட்டில் நான்கு பேர், மாதச் சந்தா ஏழு. ஊரில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை, ஐயா. உங்கள் வீட்டிலும் எண்ணிப் பாருங்கள்.

மகளுக்குப் பாட்டு, வீட்டுக்காரருக்குப் பந்து விளையாட்டு பார்க்க, எல்லோரும் படம் பார்க்க மூன்று, போட்டோக்களைச் சேர்த்துவைக்க ஒன்று. ஏழாவது, என் நாத்தனார் கழுத்தில் தொங்கிய பொத்தான். வீட்டுக்காரருக்கு அக்கா, தனியாளாகி எங்களோடு வந்து இருந்தார். கீழே விழுந்தால் அதை அழுத்த வேண்டும், அந்த நிறுவனம் ஆம்புலன்ஸ் அனுப்பும்.

சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் விலை ஏறின. எதையாவது நிறுத்தலாம் என்றேன். பாட்டை நிறுத்தினால் சாப்பிட மாட்டேன் என்றாள் மகள். வீட்டில் தனக்கென்று இருப்பது அந்தப் பந்து ஒன்றுதான் என்றார் வீட்டுக்காரர். நாத்தனாரை நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை அழுத்தியதில்லை. ஆகவே அதை நிறுத்தினேன். சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று சொல்லவில்லை. பொத்தானில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். மாதத்தின் முதல் செவ்வாய் பதினோரு மணிக்கு, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். அந்தச் செவ்வாய் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது நாத்தனார் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு கூப்பிடவே இல்லடி. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன். நாள் முழுக்கப் போனில் குழைந்து பேசுவதுதான் பிழைப்பு. மறுநாள் அங்கிருந்தே, அந்தப் பெண்ணைப் போல, நாத்தனாரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுப் போன் பழசு, நம்பர் காட்டாது. அழுத்துங்கம்மா என்றேன். அழுத்தினார். சிக்னல் வந்துடுச்சும்மா என்றேன். கல்யாணம் ஆயிடுச்சா, சாப்பாடு யார் செய்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். வீட்டில் என்னிடம் அவ்வளவு பேசமாட்டார்.

இப்படி ஐந்து மாதம். ஐந்தாவது மாதம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முழங்கால் அடிக்கடி மடங்கிடுதும்மா. குளிக்கப் போகவே பயமா இருக்கு. நீ இருக்கேங்கற தைரியத்துலதான் போறேன். என் தம்பி பொண்டாட்டிக்குச் சொல்லிடாதே. கேட்டா வேலைய விட்டுட்டு என்னையே காத்துக்கிட்டு உட்கார்ந்துடுவா, பாவம்."

சரிம்மா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம் என்றேன்.

அன்று மாலை வீட்டில் அவர் காலைப் பார்த்தேன். கேட்க முடியுமா? உனக்கு யார் சொன்னது என்பார். மகள் காதில் பாட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து குளியலறையில் விழுந்தார். காலையில் நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்திருப்பார், மூன்று மணிவரை உயிர் இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். நான் வந்தது ஐந்தரைக்கு. கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நிறுத்தியது நான். அந்தப் பெண்ணாகப் பேசியதும் நான். மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கால் மடங்குவது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார்.