இரும்பு மூடி வேணாம்

வேரா? இந்தச் சாக்கடைத் தொட்டிய ஒடைச்சது வேரெல்லாம் இல்லப்பா. சுத்தி ஒரு செடி இருக்கா பாரு. நல்லாக் குனிஞ்சு பாரு, விரிசல் மேலேர்ந்துதானே கீழ எறங்குது? விளிம்புல ஒரு எடம் பொக்கை வாய் மாதிரி இருக்குல்ல, அங்கதான் அடி விழுந்துச்சு.

மண் தொட்டின்னு எளப்பமா நெனைக்காத. எத்தனை வருஷமா சமையக்கட்டுத் தண்ணி, குளிக்கிற தண்ணி அத்தனையும் முழுங்கிட்டு ஒரு ஏப்பம் விட்டதில்ல. இப்ப ஒரே அடியில போச்சு.

கொஞ்சம் மெதுவாக் குத்துப்பா. வீட்டுக்குள்ள என் பொண்ணு படுத்திருக்கா. மெதுவாக் குத்தினா பேராதா? சரி, குத்து. அம்மாடி, தொட்டிய ஒடைக்கிறாங்கம்மா! வேற ஒண்ணும் இல்ல, படுத்துக்க!

சத்தம் கேட்டா ஒடம்பு தூக்கிப் போடுது அவளுக்கு.

மூடியா? பிளாஸ்டிக்கே போடு. இரும்பு வேணாம். எலி கடிச்சுக் கடிச்சு உள்ள வந்துரும்னா வரட்டும். எலி என்ன, மிஞ்சிப்போனா கடிக்கும், ஊசி போட்டுக்கலாம். பழைய இரும்பு மூடிய எடைக்குப் போட்டுட்டேன். கழுவிட்டுத்தான் போட்டேன், முடி ஒட்டியிருந்துச்சு.

என்னத்தச் சொல்ல. அன்னைக்கு இது அடைச்சுக்கிச்சு. மாப்பிள்ள கை கழுவ வந்தாரு, அழுக்குத் தண்ணி கால்ல ஏறிருச்சு. அடைப்ப எடுக்கத்தான் மூடியக் கழட்டுறாருன்னு அவளும் பக்கத்துல வந்து குனிஞ்சிருக்கா. மொத அடி தலையில. ரெண்டாவதுல தோள்பட்டை எலும்பு போச்சு. மூணாவதுக்கு உருண்டுட்டா. அதத்தான் இந்தத் தொட்டி வாங்கிக்கிச்சு. இல்லன்னா நீ இன்னைக்கு வேற குழி வெட்டிட்டு இருப்ப.

நான் இங்க வந்ததும் கைக்கு எட்டுற கனமான சாமான் எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டேன். முக்காலி, இஸ்திரிப் பெட்டி, கதவுத் தாப்பாக் கட்டை. என் பொண்ணு சிரிக்கிறா. அப்பா, தலையணைய மட்டும் ஏன் விட்டு வச்சீங்கங்கிறா. வாய் மட்டும் அவங்கம்மா மாதிரியே.

கூட்டிட்டுப் போகலாம்லன்னா? கால்ல விழாத கொறைதான். வரமாட்டேங்குறா. தண்ணி தேங்குனதாலதான் அவருக்குக் கோவம் வந்துச்சாம். புதுத் தொட்டி போட்டு, தண்ணி கடகடன்னு ஓடுச்சுன்னா கோவமும் ஓடிருமாம். அவ சொல்லித்தான் உன்னையே கூப்பிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் மாப்பிள்ள வர்றாரு, அவரோட அண்ணன் கொண்டாந்து விடுறாரு. ஆம்பளைன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான்னு போன்ல எனக்கே புத்தி சொன்னாரு அந்த அண்ணன்.

எங்க, ஒரு வாளி ஊத்திப் பாக்கலாமா? அட, நல்லாத்தான் போகுது. அம்மாடி, ஓடுதும்மா! கேக்குதா?

சிமெண்ட் காயட்டும், நான் பாத்துக்கிறேன். நீ ஒன் சாமானெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துக்க. சுத்தி, உளி, அதோ அந்தக் கம்பித் துண்டு. எதுவும் இங்க கெடக்கக் கூடாது.

கடப்பாரையா? அது இருக்கட்டும்பா, காலையில வந்து வாங்கிக்க. இல்லல்ல, மூலையில சாத்தாத, இப்படிக் குடு. என் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிறேன்.

விடு, விடு. என்னால தூக்க முடியுது.